எடை குறைந்தது, களைப்பு ஏன் குறையவில்லை?



எடை குறைப்பதற்கான சத்திரசிகிச்சை என்றதும் "அது காசுள்ள ஆக்களின்ரை விஷயம்" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொழும்பில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு வன்னிக்குத் திரும்பிய இரண்டு பெண்களைக் கடந்த ஒரு வருடத்துக்குள் சந்தித்தேன். ஒருவருக்கு வெளிநாட்டிலுள்ள சகோதரி பணம் அனுப்பினார். மற்றவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நீண்டநாள் காத்திருந்து செய்துகொண்டார். இருவரும் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் மீளக்குடியமர்ந்தவர்கள். இருவரும் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். இருவரும் என்னிடம் முதலில் சொன்ன முறைப்பாடும் ஒன்றுதான்.

"எழும்பி நிக்கேலாத களைப்பு, தங்கச்சி."

அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நான் வைத்தியர் அல்ல, சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். இவர்களோடு கிளினிக்குகளுக்குப் போய், டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

"பட்டினி கிடந்த சனத்துக்கு எப்படி இவ்வளவு உடம்பு வந்தது?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துக் கவனித்தார். யுத்தத்தால் பட்டினி கிடந்த மக்களை எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிவதே அவர் நோக்கம். மீண்டும் வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பின், முன்பு இருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பு அவர்களின் உடம்பில் சேர்ந்தது. பஞ்சத்தைக் கண்ட குடும்பம் நெல்லைப் பதுக்கி வைப்பதுபோலத்தான் உடம்பும்.

எங்கள் பெண்களின் சீவியமும் மாறிவிட்டது. வயல், தோட்டம், நடை, சைக்கிள் என்று இருந்தவர்கள் நாள் முழுக்கத் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிறார்கள். காசு குறைந்த வீட்டில் வயிற்றை நிரப்புவது சோறும் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான். அதோடு நித்திரை இல்லாத இரவுகள். மனநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் எடையைக் கூட்டும். இதில் எங்கே இருக்கிறது சோம்பேறித்தனம்?

நான் சொல்லும் அக்காமாரில் மூத்தவர் தையல் வேலை செய்பவர். 112 கிலோ இருந்தார். சலரோகம், பிரஷர், முழங்கால் வலி எல்லாம் இருந்தன. சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் 74 கிலோவுக்கு வந்தார். சலரோகக் குளிசைகளில் பெரும்பகுதியை டொக்டர் நிறுத்திவிட்டார். கழுத்தைச் சுற்றியிருந்த கறுப்புக்கூட மங்கிவிட்டது. இன்சுலின் குழப்பத்தால் வரும் அந்தக் கறுப்பு எடை குறையக் குறைய மங்கும். இந்தச் சிகிச்சையால் அவருக்குக் கிடைத்த நன்மை சின்னது அல்ல. பயமுறுத்துவதற்காக நான் எழுதவில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

சிகிச்சையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் களைப்பின் காரணம் விளங்கும். ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய பையாக விடுகிறார்கள். இன்னொரு முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே போய்விடும். இரும்புச்சத்தை உடம்பு பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். விற்றமின் பி12ஐ உடம்பு எடுப்பதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். ஆகவே இந்தச் சிகிச்சை சாப்பாட்டின் அளவோடு நிற்பதில்லை, சாப்பிட்டதில் உடம்பில் சேருகிற சத்தையும் குறைத்துவிடுகிறது. விற்றமின், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்கும்படி சொல்வது அதனால்தான். எடை குறைந்ததும் குளிசையை விட்டுவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

முதல் சில மாதங்களில் வரும் களைப்பு இயல்பானது. உடம்புக்குக் கிடைக்கும் சக்தி திடீரெனக் குறைகிறது. அது மெல்ல மெல்லச் சரிவரும். ஆறு மாதம், ஒரு வருடம் கழிந்த பின்னும் கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர மூச்சு வாங்குகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது கண்டுபிடிக்கக்கூடிய காரணம்.

தையல் அக்காவைப் பலரும் "யோசிக்கிறதாலதான் களைப்பு" என்று சொல்லி உளவளத்துணைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அவர் நான்கு முறை போய்க் கதைத்துவிட்டும் வந்தார். அவருடைய இரத்தத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 8.9இல் இருக்கும் ஒருத்தி மெஷின் மிதிப்பதே பெரிய காரியம்.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். யுத்தத்துக்குள் இருந்து வந்த பெண் களைப்பு என்றாலும், தலையிடி என்றாலும், நெஞ்சு படபடக்கிறது என்றாலும் அதை மனவடு என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. மனவடு உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனதைத் தேடுவதற்கு முன் இரத்தத்தைத் தேடுங்கள். இரத்தம் குத்திப் பார்க்க ஒரு நாள் போதும்.

அக்காவுக்கு இரத்தம் குறைந்ததற்கு ஒன்றல்ல, மூன்று காரணம் இருந்தது. நாற்பதைத் தாண்டிய வயதில் மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. சிகிச்சையால் இரும்பு குறைவாகவே உடம்பில் சேர்ந்தது. போதாததற்கு இரும்புக் குளிசையைக் காலைத் தேத்தண்ணியோடு, கல்சியம் குளிசையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். தேயிலையும் கல்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு குளிசைக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடவேண்டும். இரும்பை ஒரு வாய் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. குளிசையால் ஏறாவிட்டால் நாளத்தின் வழியாக இரும்பு ஏற்றலாம். அக்காவுக்குக் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள்.

மற்ற அக்காவுக்குக் களைப்போடு கால் விரல்களில் விறைப்பு, நாக்கில் எரிவு. அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. மிஞ்சிய காலின் விறைப்பையும் பழைய காயத்தின் மிச்சம் என்றே எண்ணியிருந்தார். அது பி12 குறைபாடு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் இந்தக் குறைபாடு உடனே தெரியாது, ஓரிரு வருடம் கழித்து மெதுவாக வரும். நாள் போனால் நரம்புப் பாதிப்பு மாறாமலே நின்றுவிடலாம். ஊசி போட்டதும் இவருக்கு நாக்கு எரிவு போய்விட்டது, விறைப்பு குறைந்து வருகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சிகிச்சைக்குப் பின் நாள்கணக்கில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தால் விற்றமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், கதை தடுமாறுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்ன சத்திரசிகிச்சை செய்திருக்கிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

மருந்தாலும் களைப்பு வரும். 112 கிலோ உடம்புக்கு எழுதிய சலரோகக் குளிசையும் பிரஷர் குளிசையும் 74 கிலோ உடம்புக்குக் கூடிப்போகும். வியர்த்து நடுங்குவதும், எழும்பும்போது தலை சுற்றுவதும் அதனால் இருக்கலாம். நீங்களாகக் குறைக்காமல் டொக்டரிடம் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். சீனி கூடிய தேத்தண்ணி குடித்த அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, படுத்துவிடவேண்டும் போல வந்தால் அது சீனி குடலுக்குள் வேகமாக இறங்குவதால் வருவது. மருந்து வேண்டாம், சீனியை விட்டால் போதும். எங்கள் சனத்துக்கு அதுதான் கஷ்டம் என்பது வேறு கதை!

இனிச் சாப்பாடு. இந்தச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. பருப்பு, பயறு, கடலை, சோயா மீற், நெத்தலி, தயிர் எல்லாவற்றிலும் உண்டு. சிறிய பைக்குள் இவ்வளவும் போகவேண்டுமானால் தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிட வேண்டும், சோறு கடைசியில். புட்டும் பாணும் அடைத்துக்கொண்டு வேதனை தரலாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணித்தியாலம் கழித்துச் சிறிது சிறிதாகக் குடிக்கவேண்டும்.

எழுதுவதற்கு இது சுலபம். தையல் அக்காவின் வீட்டில் நான் கண்டது வேறு. அவித்த முட்டை ஒன்றை மூன்றாக வெட்டி இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் கொடுத்துவிட்டு, குழம்பை ஊற்றி இரண்டு வாய் சோறு சாப்பிட்டார். "எனக்கு எப்பிடியும் கொஞ்சந்தானே இறங்கும், அதுக்கு ஏன் முட்டை?" என்றார். இடம்பெயர்ந்த காலம் முழுக்க அவர் கடைசியாகச் சாப்பிட்டவர். சில நாள் சாப்பிடாமலே "சாப்பிட்டிட்டன்" என்று சொன்னவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் விலை ஏறியபோதும் முதலில் வெறுமையானது அவருடைய தட்டுத்தான். தியாகம் என்று நாங்கள் புகழ்ந்து பாடும் பழக்கம் இது. இரைப்பை சிறிதாகிய பெண்ணுக்கு இது நோய். கொஞ்சந்தான் இறங்கும் என்பதாலேயே அந்தக் கொஞ்சம் முட்டையாக இருக்கவேண்டும் என்று மகளுக்குத்தான் விளங்கப்படுத்தினேன். பதினாறு வயதுப் பிள்ளை. இப்போது தாயின் தட்டை அவள்தான் முதலில் போடுகிறாள். தாய் ஏசிக்கொண்டே சாப்பிடுகிறார்.

இன்னொன்றும் அவர் சொன்னார். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வாரமும் நீராகாரம் மட்டுந்தான். வீட்டுக்கு வந்ததும் தங்கை கஞ்சி வடித்துக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. உப்புப் போட்ட அந்தத் தண்ணிக் கஞ்சியின் மணத்தில் வரிசையில் நின்றதும் ஷெல் விழுந்ததும் எல்லாம் வந்துவிட்டன. இரண்டு நாள் ஒன்றும் குடிக்காமல் கிடந்திருக்கிறார். தங்கை கெட்டிக்காரி. கஞ்சியை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணியும் மீன் சூப்பும் மோரும் கொடுத்தாள். சிகிச்சைக்கு முன் நடக்கும் நேர்முகத்தில் பசி கிடந்த காலத்தைப் பற்றி ஒருவரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். இந்த இடத்தில் உளவளத்துணை கட்டாயம் வேண்டும்.

விரதமும் அப்படித்தான். வெள்ளி, கந்தசஷ்டி என்று தண்ணீரும் இல்லாமல் இருப்பது இந்த உடம்புக்கு ஏற்றதல்ல. டொக்டரிடம் கேட்காமல் பிடிக்காதீர்கள்.

பழைய காயங்களுக்காக வலிக்குளிசை எடுப்பவர்கள் எங்களிடையே ஏராளம். டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்றவை சிகிச்சை செய்த இரைப்பையில், முக்கியமாகக் குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு, புண்ணை உண்டாக்கும். அந்தப் புண்ணிலிருந்து கசியும் இரத்தமும் களைப்புக்குக் காரணமாகலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்டுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது, வலிக்குளிசை எடுக்கிறேன் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

அடுத்தது தோல். களைப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். தோல் அப்படி அல்ல. பல வருடம் இழுபட்ட தோல் பழையபடி சுருங்காது. அதைச் சுருக்கும் என்று விற்கும் கிறீம்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். முடி கொட்டுவதற்கு மட்டும் பயப்படவேண்டாம். மூன்றாம் மாதத்தை அண்டிக் கொட்டத் தொடங்கும், சாப்பாடும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

தொங்கும் தோலின் மடிப்புக்குள் வியர்வை தங்கிச் சிவந்து, எரிந்து, பங்கசு வருவதுதான் அன்றாடத் தொல்லை. எங்கள் வெக்கைக்குக் கேட்கவும் வேண்டுமா. குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். உரஞ்ச வேண்டாம். பழைய வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து மடிப்புக்குள் வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். பவுடரைக் கொட்டினால் அது வியர்வையில் கட்டிபட்டு உரசும். எண்ணெய் காய்ந்த கை காலுக்கு நல்லது, மடிப்புக்குள் வேண்டாம். கடைக்காரர் தரும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம் எரிவை அடக்கிப் பங்கசை வளர்க்கும். டொக்டரிடம் காட்டிப் பங்கசு மருந்தை வாங்குங்கள். சிவப்பு பரவி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பொறுத்திருக்கக் கூடாது, சலரோகம் உள்ளவர்கள் சிறப்பாக.

தையல் அக்காவுக்கு வயிற்றில் ஷெல் காயத்தின் தழும்பு இருக்கிறது. தழும்பு தோலைப்போல் வளையாது. தோல் தொங்கியதும் தழும்பு உள்ளுக்கு இழுத்து ஆழமான குழியாகிவிட்டது, உள்பாவாடை நாடா அதன்மேல் உரசிப் புண்ணாகியது. அவர் நாடாவை விட்டுவிட்டு, பிள்ளைப்பெற்ற வயிற்றைக் கட்டுவதுபோல அகலமான பருத்திப் பட்டி ஒன்றைத் தானே தைத்து அணிகிறார். கொழுவிகள் பக்கவாட்டில், தழும்பில் படாமல். கடையில் விற்கும் இறுக்கமான பட்டியைவிட இது காற்றோட்டமாக இருக்கிறது என்கிறார்.

கால் இழந்த அக்காவின் பிரச்சினையை நானும் யோசித்திருக்கவில்லை. எடை குறைந்ததும் வெட்டுப்பட்ட காலின் அடியும் மெலிந்துவிட்டது. செயற்கைக்காலின் குழிக்குள் கால் ஆடி, தோல் உரிந்து, நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் இரட்டை முயற்சி. அவருடைய களைப்பில் ஒரு பங்கு அதனாலேயே வந்தது. யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் புதிதாக அளவெடுத்துக்கொள்ளலாம். எடை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் ஒரு முறை அளவெடுத்தால் போதாது, இடையில் மேலதிக உறை போட்டுச் சமாளித்து, எடை நின்றபின் புதிய கால் செய்வது நல்லது. தோல் உரிந்த இடத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

"சனம் என்ன வருத்தமெண்டு கேக்குது. கான்சரோ, சயரோகமோ எண்டு பின்னால கதைக்கினம்" என்றார் தையல் அக்கா. உடம்பு பருத்திருந்தபோது "சாப்பாட்டு ராசாத்தி" என்றவர்களும் இவர்கள்தான். விளக்கம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம், யாருக்கும் கடன் இல்லை. ஆனால் அவருக்கு உண்மையில் வலித்தது வேறு. குளிக்கும்போது தொங்கும் தோலைப் பார்த்தால் முகாமில் பார்த்த தன் உடம்பு ஞாபகம் வருகிறது என்றார். அப்போது பசியால் மெலிந்தது, இப்போது சுகத்துக்காக மெலிந்தது என்று அறிவுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

தோலை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. பொதுவாக முதல் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கழிந்து, எடை ஓரிடத்தில் நின்றபிறகே செய்வார்கள். இரத்தசோகையோடு செய்யமாட்டார்கள், காயம் ஆறாது. மடிப்பில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் காட்டிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அழகுக்காகக் கேட்கவில்லை, வருத்தத்துக்காகக் கேட்கிறேன் என்பதற்கு அதுதான் சாட்சி.

கொழும்புக்கு ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்துப் போக முடியாதவர்கள், இரத்தப் பரிசோதனையை உள்ளூர் ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா என்று சத்திரசிகிச்சை செய்த இடத்திலேயே கேட்டு, தேவையான பரிசோதனைகளின் பெயர்களை எழுதி வாங்கி வாருங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, விற்றமின் டி ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டயக்னோசிஸ் கார்டைப் பிரதி எடுத்து ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். இந்தச் சிகிச்சையைச் செய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். சிகிச்சைக்கு முன் டொக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்பதை அவருக்காக அடுத்த இதழில் எழுதுகிறேன்.